நமுத்த மருந்து வீடு

தீவின் துறைமுகத்தைக் காக்கத்தான் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கடலை முறைத்தபடி வரிசையாகப் பீரங்கிகள். ஒன்றுகூட எதிரியைப் பார்த்து வாய் திறந்ததில்லை. எதிரிக் கப்பல்கள் வந்த அன்று வெடிமருந்து முழுக்க ஈரம். ஒரு குண்டுகூடச் சுடாமல் கோட்டை கைமாறியது. வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக்காட்டும் அக்காவுக்கு இந்தக் கதைதான் பிழைப்பு.

"மருந்தறைக் காவல்காரர், கூரை ஒழுகுறதுகூடத் தெரியாம குறட்டை விட்டுட்டாராம்!" என்பாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தக் குறட்டைக்காரர் தன் வம்சத்து மூத்தவர் என்று மட்டும் மூச்சு விடமாட்டாள். ஊருக்குத் தெரியாதா என்ன? தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டுக்கு 'நமுத்த மருந்து வீடு' என்றுதான் பெயர். அதையெல்லாம் தூசாகத் தட்டிவிட்டுப் போகிறவள்தான் அக்கா. ஆனால் நேற்று மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "ஊரே சிரிக்குதும்மா. நீயும் அதையே சொல்லிச் சிரிக்க வைக்கிறியே" என்றாள். அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. இன்றோடு இந்த வேலைக்கு ஒரு கும்பிடு என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள்.

கடைசிச் சுற்று. மருந்தறை வாசலில் வழக்கம்போலக் குறட்டை விட்டுக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், கைத்தடியோடு வந்திருந்த ஒரு பெரியம்மாவைத் தவிர.

"கூரை ஒழுகலம்மா. தண்ணி ஊத்துனாங்க" என்றார் அவர். "ஊத்துனவங்கள்ல ஒருத்தி எங்க குடும்பத்து ஆளு. இந்தக் கோட்டைக்குத் தண்ணி சுமந்தவ."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தீவு சனமெல்லாம் அன்னிக்கு உள்ளதான் அடைஞ்சு கிடந்தாங்க. ஒரு குண்டு போட்டாலும் உள்ள ஒரு உசிர விடமாட்டோம்னு கப்பல்காரன் சொல்லி அனுப்பிட்டான். தளபதி சுட்டே தீருவேன்னு நின்னான். காவல்காரர்தான் எங்காளைக் கூப்பிட்டாரு. ரெண்டு பேருமா கிணத்துத் தண்ணியைக் குடம் குடமா மருந்துல கொட்டிட்டாங்க. தளபதி விசாரிச்சப்ப, நாந்தான் தூங்கிட்டேன்னு அவரே பழிய ஏத்துக்கிட்டு சவுக்கடி வாங்குனாரு. அவ பேரைச் சொல்லவே இல்ல."

"இதை யாரும் வெளிய சொல்லலையா?"

"சொன்னா தூக்குத்தானே? அவ ஊரைவிட்டே போயிட்டா. எங்க வீட்டுக்குள்ள மட்டும் சொல்லிச் சொல்லி வந்தோம். அவர் இல்லேன்னா நாங்க ஏது? அவர் வம்சத்துல யாராவது இருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க இருக்காங்களோ!"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "இங்கதான் இருக்கோம் பெரியம்மா" என்றாள்.

பெரியம்மா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். அக்கா பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருவரும் அழுதார்கள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது.

"எம்பொண்ணுகிட்ட ஒரு தடவை இதைச் சொல்றீங்களா?"

"அதுக்கென்ன, நட!"

கடைத்தெருவில் பூட்டுக் கடைக்காரர் வழக்கம்போல வம்புக்கு இழுத்தார். "என்ன நமுத்த மருந்து, இன்னிக்குச் சீக்கிரமே கிளம்பியாச்சா?"

"ஆமாண்ணே" என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி. "நமுத்த மருந்து வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."