கண்ணை மூடியிருக்கும் ஐந்து நிமிடம்

பால் எடுக்கப் போன அத்தை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். முட்டை வைக்கும் குழிகளில் நான்கு சொட்டு மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிற நூல்.

"டேய், இங்க வா. இதெல்லாம் யாருக்கு?"

கூடத்தில் பாட்டியைக் கிடத்தியிருந்தார்கள். அவன் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்தான்.

"தெருவுல இருக்கிறவங்களுக்கு. காலையில வீடு வீடாப் போய் கண்ணுல விட்டுட்டு வருவாங்க."

"எங்கம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாது. இதுல ஊருக்குக் கண் டாக்டர்!" என்று அத்தை சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

குப்பிக்குரியவர்களில் மூன்று பேர் கூடத்திலேயே இருந்தார்கள். அத்தை அவர்களை வரிசையாக அண்ணாந்து பார்க்கவைத்து மருந்து விட்டாள். "அழுதா மருந்து வெளிய வந்துடும், அப்புறமா அழுங்க" என்று அதட்டினாள். பச்சை நூல் கட்டியது மட்டும் மிஞ்சியது. படுக்கையோடு இருக்கும் டீச்சருடையது.

"நாள் தப்பினா இருக்கிற பார்வையும் போயிடுமாம்டா. அம்மாவை எடுக்க வண்டி பதினொரு மணிக்குத்தான். நீ போய் விட்டுட்டு, விஷயத்தையும் பக்குவமா சொல்லிட்டு வந்துடு."

"நானா?"

"பின்ன, எங்கம்மாவா எழுந்து போவாங்க?"

குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். மனைவி இறந்த மறுநாள், பக்கத்துத் தெருவிலிருந்த பாட்டி ஒரு துணிப்பையோடு வந்தாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடு என்பாள். சட்டையைக் கழற்றிப் போடு, துவைக்கணும் என்பாள். அவன் அழவில்லை என்று உறவெல்லாம் பேசியது, பாட்டி பேசவில்லை. நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். இன்றும் அவனுக்குக் கண்ணீர் வரவில்லை.

டீச்சர் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"என்ன மகாராணி, இன்னிக்கு இவ்வளவு நேரம்?"

"டீச்சர், நான் பேரன்."

கட்டிலில் தலை திரும்பியது. "பாட்டிக்கு என்ன?"

வழியெல்லாம் கோத்துவைத்த வாக்கியம் காணாமல் போயிற்று. "பாட்டி போயிட்டாங்க, டீச்சர். நேத்து சாயங்காலம்."

டீச்சர் போர்வையின் ஓரத்தை நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "மருந்தை விடு. விடலேன்னா அவ கோச்சுக்குவா" என்றாள்.

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"கண்ணு இன்னும் மேல இருக்குப்பா."

அடுத்தது சரியாக விழுந்தது. டீச்சர் இமைகளை மூடிக்கொண்டாள். "அஞ்சு நிமிஷம் திறக்கக் கூடாது. அதுவரைக்கும் உங்க வீட்டுக் கதைதான் ஓடும்." இமையோரத்தில் மருந்தோ எதுவோ கசிந்தது. "உன் பொண்டாட்டி எப்படியிருக்கா? ரொம்ப அழுறாளா?"

அவன் குப்பியின் மூடியைத் திருகினான். இறுகிய பிறகும் திருகினான்.

"ஸ்கூட்டர் கத்துக்கிறேன்னு கேட்டுல போய் முட்டினாளாமே! முந்தாநாள் முழுக்க அதான் பேச்சு. ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறியாம், உன்னோட ரெண்டு நாள் பேசலையாம். இன்னும் திருந்தலையா நீ?"

அவனுக்குப் புரிந்தது. மனைவி இறந்த வாரம் டீச்சர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தாள். ஞாயிறுதோறும் வந்து பேப்பர் படித்துக்காட்டிய பெண் இனி வரமாட்டாள் என்று சொல்லப் பாட்டிக்கு வாய் வரவில்லை. புது வேலை, ஞாயிறும் லீவு கிடையாது என்று ஆரம்பித்திருப்பாள். தெருவின் வாயையும் கட்டியிருப்பாள். வீட்டில் அவள் பெயரைக்கூட எடுக்காதவள், இங்கே தினமும் ஐந்து நிமிடம் அவளை ஸ்கூட்டர் ஓட்டவைத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவள் இருக்கும் கடைசி வீடு இது.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"அழுறா, டீச்சர்" என்றான். "காலையிலேர்ந்து. நிறுத்தவே மாட்டேங்கிறா."

"அழட்டும். நீ அதட்டாதே."

"இல்ல, அதட்டல. பாட்டி தலையணையை யாரும் எடுக்கக் கூடாதுன்னு அத்தைகிட்ட சண்டை. மூக்கெல்லாம் சிவந்து..." குரல் எங்கோ இடறியது. குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அவளுக்கு அழுதா மூக்குதான் முதல்ல சிவக்கும்."

"ஆமா, கலர் அப்படி. ஸ்கூட்டர் பழகிட்டாளா?"

"பரவாயில்ல. வளைவுல மட்டும் காலை ஊனுறா."

டீச்சரின் கை துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தது. "போ, அவளைத் தனியா விடாதே."

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் வரேன், டீச்சர்."

வெளியே வெயில் ஏறியிருந்தது. அவன் தெருவின் இடது ஓரமாக நடந்தான், வலப்பக்கம் இன்னொருத்தி கூட நடக்கும் அகலத்துக்கு இடம் விட்டு. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்தார். அவன் ஒதுங்கவில்லை. அவர் அந்த இடத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்.