விசிலுக்கு அழாத பிள்ளை

உச்சிக்குழி வீங்கிக் காய்ச்சலில் கிடந்த ஏழு மாதப் பிள்ளை என் மகள் ஷெரின். மூளைச் சவ்வில் கிருமி என்றார்கள் ஆஸ்பத்திரியில். வாரக்கணக்கில் ஊசி ஏற்றி, உயிரோடு என் கையில் தந்தார்கள். காதைச் சோதிக்கத் திரும்பவும் கொண்டுவரச் சொன்னார்கள். ஆனால் கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனையில், விடிந்தால் ஆமியின் சுற்றிவளைப்பு.

"பிள்ளை சுகமாத்தானே இருக்கு, இனி என்னத்துக்கு அலையிறது?" என்றார் என் கணவர் ஒஸ்வால்ட்.

எனக்கும் அலுத்துப்போயிருந்தது. அதோடு, முன்பு ஹெலிகொப்டர் இரைந்தாலே வீரிடுகிறவள், இப்போது என்ன வெடித்தாலும் அயர்ந்து தூங்கினாள். அந்தோனியாருக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். ஷெரின் என் தோளில் சாய்ந்து பின்னால் வேடிக்கை பார்த்தாள். முன்னால் நின்ற ஆமிக்காரன், நிற்காமல் போன ஓட்டோவை மறிக்க விசிலை ஊதினான். எல்லோரும் திடுக்கிட்டோம். வரிசையில் இருந்த இன்னொரு குழந்தை அழத் தொடங்கியது. ஷெரின் திரும்பவே இல்லை.

அவன் கவனித்துவிட்டான். "பிள்ளைக்குக் காது கேக்காதா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஏன் தம்பி, உங்கட விசிலுக்கு அழாட்டி அதுவும் குற்றமா?" என்று நானும் சிங்களத்திலேயே சீறினேன். ஒஸ்வால்ட் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அவன் கோபப்படவில்லை. என் முதுகுப்பக்கம் வந்து, ஷெரினின் முகத்துக்கு நேரே மூச்சுமுட்ட ஊதினான். என் காது அடைத்துப்போயிற்று.

திரும்பிப் பார்த்தேன். அவனுடைய உப்பிய கன்னங்களைப் பார்த்து ஷெரின் சிரித்துக்கொண்டிருந்தாள்.