முதல் பேஸ் நடுவர்

காலையில் நடந்த பள்ளி பேஸ்பால் போட்டியின் முதல் அரையிறுதியிலேயே நுகதாவின் மானம் போய்விட்டது.

மூன்றாவது பேஸ் பக்கம் நின்றிருந்தார். இடது கோடியில் ஒரு பையன் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தான். நுகதா யோசிக்காமல் கையை உயர்த்தி அவுட் கொடுத்தார். அடித்த அணி ஆட்டக்காரன் ஓடி வந்து கேட்டதும் நடுவர்கள் நாலு பேரும் கூடிப் பேசினார்கள். மற்ற மூன்று பேரும், பந்து புல்லில் பட்டு எழும்பியது என்றார்கள். தீர்ப்பு மாறியது. மைதானத்தில் கைதட்டல். வலைக்குப் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "அந்தப் பெரியவருக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

நுகதாவுக்கு ஐம்பத்தாறு வயது. விவசாயக் கூட்டுறவு சங்கத்தின் பேரிக்காய் தரம் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வை வேலை. ஒவ்வொரு ஜூலையும் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிப் பையன்களின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். புதிதாக வரும் நடுவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார்: "முதல் பேஸ்ல நின்னா கண்ணு காலைப் பாக்கணும், பந்து வந்து சேந்த சத்தத்தைக் காது கேக்கணும். ரெண்டையும் மாத்திடாதீங்க."

மத்தியானம் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உண்ணாமலே உட்கார்ந்திருந்தவரிடம் நடுவர் சங்கத்துச் செயலாளர் ஓடி வந்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு நிற்க வேண்டியவருக்கு வெயிலில் மயக்கம்.

"நுகதா-சான், முதல் பேஸ் நிப்பீங்களா? வேற ஆள் இல்ல."

வேற ஆள் இல்ல என்ற வார்த்தை சுருக்கென்று குத்தியது. "நிக்கிறேன்" என்று எழுந்துகொண்டார்.

துறைமுகப் பள்ளிக்கும் மலையடிவார வேளாண் பள்ளிக்கும் ஆட்டம். வேளாண் பள்ளி இவ்வளவு தூரம் வந்ததே முதல் தடவை. கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் அவர்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் அவுட். அடிப்பவன் முதல் பேஸைத் தொட்டுவிட்டால், மூன்றாவது பேஸில் தயாராக நின்றவன் ஓடி வந்து சமன் செய்துவிடுவான். மட்டையோடு வந்தவன் குசுமி என்ற ஒல்லிப் பையன். தரையோடு அடித்துவிட்டு ஓடினான். தடுத்தவன் அவசரத்தில் முதல் பேஸுக்குப் பந்தைக் குறிதவறி எறிந்துவிட்டான். துறைமுகப் பள்ளியின் முதல் பேஸ்காரன் உடம்பை வளைத்து, கையை எட்டி நீட்டினான். குசுமி தலைகுப்புறப் பாய்ந்தான்.

பந்து விலகி வந்ததால் நுகதாவின் கண் அதன் பின்னாலேயே போய்விட்டது. கையுறையில் அது 'பட்' என்று விழுந்ததைப் பார்த்தார். பிடித்தவனின் கால் பேஸில் பதிந்திருந்தால்தான் அவுட்; அந்தக் காலைப் பார்க்கவில்லை.

"அவுட்!"

கை தானாக உயர்ந்தது. துறைமுகப் பள்ளிப் பையன்கள் கூச்சலோடு ஓடி வந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பந்தைப் பிடித்தவன் மட்டும் ஒரு நொடி தாமதித்து, கீழே தன் காலைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினான். அது நுகதாவின் கண்ணில் பட்டது.

இரண்டாவது பேஸ் நடுவர் மிசாவா, அவரிடம் தொழில் கற்றவன், இரண்டு அடி முன்னே எடுத்து வைத்தான். எதையோ பார்த்திருக்கிறான். கூடிப் பேசலாம் என்று கண்ணால் கேட்டான். வலைக்குப் பின்னால் அதே கூட்டம். ஒரே நாளில் இரண்டாவது தடவை. நுகதா இடுப்போரத்தில் உள்ளங்கையை லேசாக விரித்துக் காட்டினார். மிசாவா நின்றுவிட்டான்.

அதற்குள் வேளாண் பள்ளியின் கேப்டன் ஓசகோ ஓடி வந்து தொப்பியைக் கழற்றினான். மொட்டைத் தலையிலிருந்து வியர்வை கொட்டியது.

"ஐயா, பிடிச்சவரோட கால் பேஸ்ல இல்லைன்னு குசுமி சொல்றான். கோச் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"இருந்துச்சு" என்றார் நுகதா. "நான் பார்த்தேன்."

"சரிங்க ஐயா. நன்றிங்க."

ஓசகோ குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி ஓடினான். இரண்டு அணியும் வரிசையில் நின்று வணங்கியபோது ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஊதியது. குசுமியின் சட்டை முழுக்கச் செம்மண். அவன் நுகதாவைப் பார்க்கவே இல்லை.

நடுவர் அறையில் மிசாவா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்: "அண்ணே, என்னை ஏன் தடுத்தீங்க?"

"நான் எங்கடா தடுத்தேன்?"

மிசாவா காலணியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்தக் கடைசி ஓட்டத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். எறிந்த பக்கத்திலிருந்து எடுத்த படம். பாய்ந்து விழுந்த குசுமியின் உடம்பு பிடித்தவனின் காலை மறைத்தது. அறிவிப்பாளர் 'நூலிழை' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். நுகதாவின் மனைவி தொஷியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, வெந்நீர் ரெடியா இருக்கு. குளிச்சிட்டு வாங்க."

நுகதா எழுந்திருக்கவில்லை. மறுநாள் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னார்: "நான் காலைப் பாக்கலை. பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "இறுதி ஆட்டம் நாளைக்கு. இப்ப எதையும் கிளப்பாதீங்க. ரெண்டு பக்கமும் சின்னப் பசங்க."

துறைமுகப் பள்ளி இறுதியிலும் ஜெயித்துக் கோஷியன் மைதானத்தில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போனது. நுகதா நடுவர் சட்டையை மடித்துச் சங்கத்தில் ஒப்படைத்தார்.

செப்டம்பரில் பேரிக்காய் வரத்து மும்முரமானது. ஒருநாள் தட்டுகள் ஏற்றிய சின்ன வண்டி ஒன்று வந்து நின்றது. அப்பாவுக்குப் பக்கத்திலிருந்து இறங்கியவன் குசுமி. ஜூலையில் மொட்டையாக இருந்த தலையில் முடி வளர்ந்திருந்தது. இருந்தாலும் நுகதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் தட்டுகளை இறக்கி முடிக்கும்வரை காத்திருந்து, நிலையத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, என்னைத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அன்னிக்கு நான் அவன் காலைப் பாக்கலை. பார்த்தேன்னு சொன்னது பொய். மன்னிச்சுக்கப்பா." இடுப்பை மடித்துத் தலை குனிந்தார்.

குசுமி கையிலிருந்த தூசியைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு சொன்னான்: "விழுந்தப்ப என் மூஞ்சி பேஸ் பக்கத்துலதான் இருந்துச்சு. அவன் காலுக்கும் பேஸுக்கும் நடுவுல என் கையையே வெச்சிருக்கலாம், அவ்ளோ இடைவெளி. ஓசகோகிட்ட சொன்னேன். அவன் உங்ககிட்ட வந்து கேட்டான்."

"ஆமா."

"பஸ்ல ஒருத்தரும் என்கூடப் பேசலை. தோத்துட்டுப் பொய் வேற சொல்றானேன்னு ஓசகோ எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான். நடுவரே பார்த்தேன்னு சொல்றாருடான்னான்." செருப்பு நுனியால் மண்ணைக் கீறினான். "தெனம் யோசிச்சு யோசிச்சு, நானேதான் தப்பாப் பாத்துட்டேனோன்னு ஆயிடுச்சுங்க. இப்பல்லாம் அந்தக் கால் எங்க இருந்துச்சுன்னே சரியா ஞாபகம் வரலை."

பையன்கள் இழந்தது அந்தக் கோடையின் ஓர் ஆட்டத்தை மட்டும்தான் என்று நுகதா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். எதிரே நிற்பவனைப் பார்க்க முடியவில்லை.

"நான் என்னப்பா செய்யணும்? சொல்லு."

"ஓசகோகிட்டச் சொல்லுங்க. அது போதும்."

அன்று வேலை முடிந்ததும் நேரே ஓசகோவின் வீட்டுக்குப் போனார். முடிதிருத்தும் கடை. பையன் வாசலில் துண்டுகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தான். நுகதா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், மிசாவாவைத் தடுத்த கையையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே வந்த ஓசகோவின் கையில் ஈரத் துண்டு அப்படியே தொங்கியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொல்லியிருக்கணும்."

"ஆட்டம் போனா போகுது. நான் அவனைப் பொய்யன்னு சொன்னேன். மூணு வருஷம் ஒரே அறையில சட்டை மாத்தினவன். இப்பவும் ஒரே வகுப்புலதான் உக்காந்திருக்கோம், பேசிக்கிறதில்ல." கையிலிருந்த துண்டை முறுக்கிப் பிழிந்தான். "இப்பப் போய் அவன்கிட்ட நான் என்னன்னு ஆரம்பிக்கிறது?"

"நானும் கூட வர்றேன் தம்பி."

"வேணாங்க. நீங்க வந்தா உங்களுக்காக அவன் பரவாயில்லைன்னு சொல்லிடுவான். அந்த மாதிரி மன்னிப்பு எனக்கு வேணாம்."

உள்ளேயிருந்து அவன் அம்மா, யாருடா வந்திருக்கிறது என்று குரல் கொடுத்தாள். "வழி கேக்கிறவரும்மா" என்றான் ஓசகோ. நுகதா வணங்கிவிட்டு வந்துவிட்டார்.

அக்டோபர் கடைசியில், தாமதமாகப் பழுக்கும் பேரிக்காயோடு குசுமி தனியாக வந்தான். புதிதாக ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தான். எடை போட்டு முடியும்வரை பொறுத்திருந்த நுகதாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஓசகோ வந்தானா?"

"வந்தாங்க. தோட்டத்துக்கே வந்தான்."

"என்ன சொன்னான்?"

குசுமி காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னான்: "மன்னிப்புக் கேட்டான். நானும் சரின்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மரத்துக்கடியில நின்னோம். என்ன பேசறதுன்னு தெரியலை. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"மறுபடி வருவானா?"

"தெரியலைங்க. வசந்தத்துல அவன் ஒசாகாவுக்கு வேலைக்குப் போறான்."

நுகதா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வரிசையில் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. குசுமி அவருக்குத் தலைவணங்கிவிட்டு ஏறி உட்கார்ந்து, சின்ன வண்டியை நிதானமாகப் பின்னால் எடுத்தான்.