இரண்டு பிரேக் வைத்த கார்

1

இந்தக் கதை எனக்குப் பெட்ரோல் பங்கில் கிடைத்தது. டயருக்குக் காற்றடிக்கும் நேரம் மட்டும் நான் பார்த்த ஒரு தம்பதி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். ஓட்டும் இருக்கையில் மனைவி, பக்கத்தில் கணவர். அந்த அம்மாள் சொன்னது ஒரே வாக்கியம்: "இன்னொரு தடவை பிரேக்ல கால் வச்சீங்க, பின்சீட்டுக்குப் போயிடணும்."

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கற்பனை. அதனால் அதில் பிழை இருக்க வாய்ப்பே இல்லை.

2

முதல் தொடக்கம்: பழமையான அந்த மண்டபத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக உருகி—

(வேண்டாம். வெயிலைப் பொன்னாக்கிய எழுத்தாளர் யாரும் பணக்காரர் ஆனதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவருடைய காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு; மாணவர் தடுமாறினால் அவர் மிதிப்பார். மனைவி பள்ளியில் ஓவிய ஆசிரியை. அவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாஸ்டர்தான். உரிமம் வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. மாஸ்டரின் கால் மட்டும் அதை இன்னும் நம்பவில்லை.

பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம்.

3

எதற்காக இந்தப் பயணம்? நகரத்தைத் தாண்டி ஒரு மேட்டின் மேல் பழைய வழிபாட்டு மண்டபம் இருக்கிறது. அதன் உட்கூரையில் ஒரு குதிரை ஓவியம். பாடப்புத்தகத்தில் அது கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். "என்ன கலர் டீச்சர்?" என்று ஒரு வகுப்பு கேட்டபோது, ஆசிரியை யோசிக்காமல் "நீலம்" என்றுவிட்டார். அப்புறம் மாற்றிச் சொல்ல முடியுமா? வருடா வருடம் நீலம்தான். ஊரில் பாதிப் பேர் நீலக் குதிரை வரைந்து வளர்ந்தவர்கள்.

"உலகத்துல எங்கயாவது நீலக் குதிரை இருக்கா? அது பழுப்புதான்" என்பது மாஸ்டர் கட்சி. தோற்றவர் ஆயுளுக்கும் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம்.

நாளை முதல் மண்டபத்தை மூடிப் புதுவண்ணம் பூசப்போகிறார்கள். பழைய நிறத்தைப் பார்க்க இன்று மாலை விட்டால் வேறு நாள் கிடையாது.

4

வழியில் நகரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கே மணிக்கூண்டின் முள் பின்னோக்கி ஓடும். ஒருமுறை உச்சிக்குப் போய் இறங்கியபோது என் மூட்டுவலியைக் காணவில்லை. (என் மனைவி இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்து, "லிஃப்ட்ல போனீங்க" என்கிறாள்.) அடுத்து மீன் காட்சியகம். அங்கே ஒரு கிழட்டு மீன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வருகிறவர்களை வேடிக்கை பார்க்கும். என்னைப் பார்த்து முடித்ததும், நகருங்கள் என்று தலையாட்டியது. சத்தியம். ஆனால் மாஸ்டரை அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விடவே இல்லை. அதில் நேரம் போய்விட்டது.

5

பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் கார் குலுங்கி நின்றது.

"ஏங்க, எதுக்கு இப்ப பிரேக்?"

"நாய்."

"அது ஓரமா தூங்கிட்டிருக்கு."

"எந்திரிச்சா?"

"எந்திரிக்கட்டும். சாயங்காலம் ஆச்சு, அங்க பூட்டிடுவாங்க. கால எடுங்க."

"நானா வைக்கிறேன்? அதுவா போகுதும்மா."

"அப்ப அதைப் பின்சீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் துணைக்குப் போங்க."

போனார்.

(இங்கே எனக்கு மாஸ்டர் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாகப் பின்சீட்டுக்குப் போகிற கணவர் உண்டா? என் மனைவியைக் கேட்டேன். "நீங்க போக மாட்டீங்க. அவர் நல்ல மனுஷன்" என்றாள். நல்ல மனுஷனாகவே விட்டுவைத்திருக்கிறேன்.)

6

ஆசிரியை மேட்டுச் சாலையில் ஏறினார். கியரை மாற்றினார். எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டார். பின்னாலிருந்து "மெதுவா", "ஹாரன் அடி", "ஓரம், ஓரம்" எல்லாம் வந்தன. அப்புறம் "ம்" மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

மண்டபத்து வாசலில் காவலாளி சாவியோடு நின்றார். "ஓடி வாங்கம்மா! பூட்டப்போறேன். ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான்!"

ஆசிரியை பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடாத மனிதர் அவர். கல்யாணம் முடிந்து இருவரும் கிளம்பிய வண்டியில்கூட, புதுப்பெண்ணை விட்டுவிட்டு டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தவர்.

7

முதல் முடிவு: எழுப்புகிறார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தேடி, செருப்பைத் தேடி, வண்டியை நிறுத்திய விதத்தில் குறை கண்டுபிடித்து முடிப்பதற்குள் காவலாளி கதவைப் பூட்டிவிடுகிறார்.

இரண்டாவது முடிவு: தனியாகப் போய்ப் பார்க்கிறார். அப்புறம் அவர் சொல்வதுதான் நிறம், சாட்சி கிடையாது. மாஸ்டரின் மிச்ச வாழ்நாள் பாத்திரத்தோடு.

மூன்றாவது முடிவு: எழுப்பவும் மனமில்லை, போகவும் மனமில்லை, அங்கேயே நின்று அவரையே பார்த்தபடி—

(இந்த இடத்தில் என் மனைவி காகிதத்தைப் பிடுங்கிவிட்டாள். "அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தவ, இந்த மூஞ்சியப் பார்க்கவா நிப்பா?")

எனக்கு மிச்சமிருப்பது இரண்டு முடிவுகள். இரண்டில் எதை எழுதினாலும் ராத்திரி என் கனவில் ஒருவர் வந்து சண்டை போடுவார். அதனால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காவலாளி சாவியை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எழுப்புவதென்றால் தோளைத் தொட்டு எழுப்புங்கள். போவதென்றால் கார்க் கதவை மெதுவாகச் சாத்துங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவரைத் தூங்கவைத்தது நான் இல்லை. அது முழுக்க அந்த அம்மாள் ஓட்டிய அழகு.