சுவர் முழுக்க ஒரு மில்

தஞ்சாவூரில் ஓவியக் கண்காட்சி நடத்தும் தியாகராசன் சாருக்கு என் படங்களைக் கண்டாலே ஆகாது. நான் மரப்பலகையில் செதுக்கி அச்செடுப்பதெல்லாம் நெல் மில்கள்தான். புகைக்கூண்டு, இரும்புக் குதிர், சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு, எல்லாமே கறுப்பு வெள்ளையில் கோடும் கட்டமுமாக இருக்கும்.

“ஏம்மா பூவிழி, தஞ்சாவூர்ல பொறந்துட்டு ஒனக்கு மில்லுதான் கெடச்சுதா? அதுவும் கையகலப் படம். ஒரு சுவர் காலியா கெடக்கு. சுவர் முழுக்க வர்ற மாதிரி ஒண்ணு வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா, பாப்போம்.”

என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை என்று தெரிந்துதான் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! கோடை முழுக்க நான் செதுக்கி வைத்த, சேர்த்துப் போட்டால் ஒரே மில்லாகிவிடும் ஆறு பெரிய பலகைகள் வீட்டில் சாத்திக் கிடப்பது அவருக்குத் தெரியாது.

என் அம்மா ரெங்கம்மாளுக்கு நன்னிலத்து மில் ஒன்றில் களத்து வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காலால் இழுத்து இழுத்துப் புரட்டிக் காயவைக்க வேண்டும். பாய்லர் பழுதாகிக் களம் காலியாக இருந்த அன்று, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு பலகைகளை அங்கே சேர்த்துப் போட்டேன். உருளையால் மை தடவி, மேலே மெல்லிய துணியை விரித்தோம். அந்த அகலத்தில் கிடைத்தது அந்த ஒரே துணிதான். கெட்டுப்போனால் படமும் இல்லை, சுவரும் இல்லை.

“எல்லாரும் ஏறி மிதிங்க,” என்றேன்.

அம்மாவும் கூட வேலை பார்க்கும் பெண்களும் வரிசை கட்டினார்கள். முதலில் ஏறிய அம்மா, பழக்க தோஷம், காலை இழுக்கப் போனாள். துணி சுருங்கப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

“அய்யோ, இழுக்காதம்மா!”

“கத்தாதடி. நேரா வச்சு நேரா எடுக்கணும், அவ்வளவுதானே? நடவு நடற மாதிரி வாங்கடி எல்லாரும்.”

வரிசை பின்பக்கமாக நகர்ந்தது. சேற்றிலிருந்து பிடுங்குவது போல ஒவ்வொரு காலும் நேராக எழுந்து நேராக இறங்கியது.

“நல்லா அழுத்துடி, ஒம் மாமியா தலைன்னு நெனச்சுக்க,” என்றாள் ஒருத்தி. சிரிப்போடு சிரிப்பாக மை துணியைத் தாண்டி அவர்கள் பாதங்களில் ஏறியது.

நானும் அம்மாவும் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கினோம். புகைக்கூண்டு கன்னங்கரேலென்று நின்றது. குதிர், குழாய், படிக்கட்டு, ஒரு கோடு பிசகவில்லை. நான் கேவிக் கேவி அழுதேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தச் சுவரில் துளி இடம் மிச்சமில்லை. வந்த கூட்டம் அதன் முன்னாலேயே நின்றது. தியாகராசன் சார் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி கிட்டே போனார்.

“இவ்ளோ பெருசா எந்த பிரஸ்ல போட்டீங்க?”

அன்று ‘கொண்டா’ என்றவர் இன்று ‘போட்டீங்க’ என்றார். காதில் தேன் பாய்ந்தது எனக்கு.

நான் வாயைத் திறப்பதற்குள், என்னோடு வந்திருந்த அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு உள்ளங்காலை அவர் முன்னால் நீட்டினாள்.

“இந்த பிரஸ்லதான் சார்.”