அருளம்பலம் கேட்ட மணல்

1991ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டிலிப்பாயில் அருளம்பலத்தின் வீட்டு ஹோலுக்குள் கடல் பெருகியது. காலமை முழங்கால் மட்டும் ஏறும், மத்தியானம் வற்றும். படலைக்கு வெளியே ஒரு சொட்டு வராது. பக்கத்துப் புகையிலைத் தோட்டம் காய்ந்துதான் கிடந்தது.

காரணம் கடல் வந்த பிறகுதான் ஊருக்கு விளங்கியது. 1984இல் அந்த வீட்டைக் கட்ட ஒப்பந்தம் எடுத்தவர் கொழும்புத்துறை யாகோப்பு, மீன்பிடிக் குடும்பத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். ஒப்பந்தத்தில் உப்பில்லாத மணல் என்றுதான் இருந்தது. அருளம்பலமோ எச்சில் கையால் காகம் துரத்தாத மனிசன். “உங்கடை கரையிலை சும்மா கிடக்கிற மண்ணை ஏத்தும்” என்று ஒற்றைக்காலில் நின்றார். “உப்புப் பூக்கும் ஐயா” என்று யாகோப்பு சொல்லியும் பார்த்தார். கேட்டால்தானே! இரண்டாம் மாரிக்குச் சுவரெல்லாம் உப்புப் பூத்தது. உடனே அருளம்பலம் கோயில் வீதியில் சனத்துக்கு நடுவே, “மீன் பிடிக்கிறவனுக்கு வீடு கட்டத் தெரியுமோ? கண்டறியாத மண்ணைப் போட்டு என்னை ஏமாத்திப்போட்டான்” என்றார். நெஞ்சறிந்த பொய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ! அன்றோடு யாகோப்புக்கு ஒருத்தரும் கோழிக்கூடு கட்டக்கூட வேலை கொடுக்கவில்லை. “நீர் கேட்ட கடல் உமக்கு வரும்” என்று படலையில் நின்று சொல்லிவிட்டு, அவர் திரும்பவும் வலையைத் தூக்கினார்.

வந்தது. மீன் மச்சம் தொடாத சைவ வீட்டின் சாமியறைக்குள் ஒட்டி மீனும் திரளி மீனும் துள்ளின. நண்டு அருளம்பலத்தின் கால்விரலைக் கடித்தது. நல்லாய்க் கடிக்கட்டும் என்றது ஊர். தண்ணீரை இறைத்தும் ஐயரைக் கூப்பிட்டும் ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் மனைவி குணலட்சுமிதான் கொழும்புத்துறைக்குப் போனார்.

“அண்ணை, என்ன வேணுமெண்டாலும் தாறம், இதை நிப்பாட்டுங்கோ.”

“நிப்பாட்ட எனக்குத் தெரியாது, தங்கச்சி. கடலிலை இறங்கினால் நேவி சுடுறான். நாங்கள் உங்கடை ஹோலிலை வலை போடுறம். வேறை ஒண்டும் வேண்டாம். மீன் வாங்க வாற ஒவ்வொருத்தருக்கும் மண் கதையை அவர் தன்ரை வாயாலை சொல்லவேணும்.”

95 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயரும் வரைக்கும் அது நடந்தது. பெருக்குக்கு வலை விழும், வற்றுக்கு யாவாரம். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரருக்கு விரதம் என்று வலைகாரர் வருவதில்லை. மற்ற நாள்களில் அருளம்பலம் நெற்றி நிறையத் திருநீறோடு வாசலில் கதிரை போட்டிருந்து, பை நீட்டுகிறவர்களிடம், “மண்ணை நான்தான் கேட்டனான். யாகோப்பர் வேண்டாமெண்டவர்” என்பார்.

“கேக்கேல்லை, பிலத்துச் சொல்லுங்கோ” என்பார் உள்ளே வலை இழுக்கும் யாகோப்பு.

அருளம்பலம் பிலத்துச் சொல்வார். பிறகு, இறால் சுற்ற வாழையிலை எடுத்துக் கொடுப்பார்.