நாலரை நட்சத்திரம்

காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது.

பர்மாவில், பசுந்தாங்குப் பேட்டையில் அது செய்தியே அல்ல. மூன்றாவது மாடியில், விநாயகமூர்த்தியின் ஆபீசில், ஐந்து பெண்கள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் இருந்த இன்வெர்ட்டர் ஒருமுறை கத்தி அடங்கியது. கீழே தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

விஜயகுமாரி அப்போது டேரனாக இருந்தாள்.

டேரன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்காரன். நீலக் கண், இரண்டு நாள் தாடி, கையில் ஃபோன். கட்டுரைக்கு மேலே போட்ட அந்தப் படத்தில் இருப்பது யார் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது; அந்தப் பெயரில் எழுதுவது விஜயகுமாரி. ஆஸ்திரேலியாவில் ஃபோனில் சூதாடுகிறவர்களுக்கு, எந்த ஆன்லைன் கேசினோ தரும் போனஸ் நல்லது என்று ஆராய்ந்து நட்சத்திரம் போடுவது டேரனின் தொழில். அந்த நாட்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட கேசினோக்கள் அங்கே கடை விரிக்கவே கூடாது. அதை மட்டும் டேரன் எழுதுவதில்லை.

ஆராய்ச்சி என்னவோ நிஜமானதுதான். விஜயகுமாரி ஒவ்வொரு போனஸின் நிபந்தனைகளையும் வரி விடாமல் படிப்பாள். ஜெயித்த பணத்தை எத்தனை தடவை திரும்பப் பந்தயம் கட்டினால் வெளியே எடுக்கலாம், எத்தனை நாளுக்குள், அதிகபட்சம் எவ்வளவு. எல்லாவற்றையும் எழுதுவாள். முதல் மாதம் அவற்றைக் கட்டுரையின் தலையிலேயே எழுதினாள். விநாயகமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"ஃபோன்ல படிக்கிறவன் விரலால ரெண்டு தடவை தள்ளுவான்மா. அதுக்குள்ள பட்டன அமுக்கிடுவான். மூணாவது தள்ளலுக்குக் கீழ நீ என்ன உண்மைய வேணாலும் எழுதிக்கோ. யாரும் மறைச்சோம்னு சொல்ல முடியாது."

அன்றிலிருந்து நிபந்தனைகள் மூன்றாவது தள்ளலுக்குக் கீழே போயின. சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில். கட்டுரை பிரபலமானது. விநாயகமூர்த்திக்குக் கமிஷன் வந்தது. ஆடுகிறவன் தோற்கும் பணத்தில் இத்தனை சதவீதம் என்பது அந்தக் கமிஷன். விஜயகுமாரியின் சம்பளம் அதிலிருந்து வந்தது. வீட்டில் கேட்டால், இங்கிலீஷ் டைப்பிங் வேலை என்றாள்.

பதினொரு மணிக்கு அவள் தம்பி பாலா மாடி ஏறி வந்தான். மஞ்சள் கைலி, வெறுங்கால், மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய காப்பு. கியாக்தான் பக்கத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. காப்புக் கட்டினவன் கவிச்சி தொட மாட்டான், பொய் பேச மாட்டான், சூதாட மாட்டான். கட்டும்போது பூசாரி இதையெல்லாம் சொல்லித்தான் கட்டுவார். குழியில் இறங்குவதற்கு முன் மறுபடி ஒவ்வொருவரையும் கேட்பார்.

"அக்கா, கீழ வா. ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"வண்டிய குடுக்கிறேன்."

அவள் எழுந்துவிட்டாள். வண்டி என்றால் மூன்று சக்கரச் சுமை வண்டி. சந்தையிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி அடித்து அவன் குடும்பம் சாப்பிடுவது அதில்தான். வாங்கியபோது பாலாவிடம் அடையாள அட்டை கிடையாது. அதனால் வண்டி அக்கா பெயரில் பதிவாயிற்று. அவள் கையெழுத்து இல்லாமல் அது ஓர் அங்குலம் கைமாறாது.

கீழே டீக்கடை வாசலில் வண்டி நின்றது. ஓட்டுகிற இடத்தில் பாலாவின் மனைவி புஷ்பலதா கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பூச்சு கலைய உட்கார்ந்திருந்தாள். அருகே வண்டி வியாபாரி ஷாநவாஸ், பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"வாங்க அண்ணி," என்றாள் புஷ்பலதா. "நான் எறங்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"வெள்ளனையிலேருந்து இதேதான்," என்றார் ஷாநவாஸ். "எஞ்சின் சத்தம் கேக்கணும்னேன். தங்கச்சி சத்தம்தான் கேக்குது."

பாலா அக்காவை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தான். இரண்டு டீ சொன்னான். கைலி மடிப்பிலிருந்து ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்த விதத்தில் ஒரு பக்தி இருந்தது.

"பாரு."

திரையில் ஒரு தங்கச் சிங்கம் வாயைத் திறந்து மூடியது. கீழே பர்மிய எழுத்தில் அவன் இருப்பு. நாற்பத்திரண்டு லட்சம் கியாட்.

"ஒத்தக் காசு நான் போடலக்கா. சேந்ததுக்கு முப்பதாயிரம் இனாமா குடுத்தான். போனஸு. அத வச்சே இவ்வளவும் வந்துச்சு."

"காப்பக் கட்டிக்கிட்டு சூதாடினியா?"

"சூதாட்டம்னா கைக்காசு போடணும். இது அவன் காசு. எனக்கென்ன நட்டம்? பூசாரி கேட்டா நெஞ்ச நிமித்திக்கிட்டு இல்லம்பேன்."

"அப்ப வண்டிய ஏன் விக்கிற?"

"எடுக்கணும்னா கணக்குல நம்ம பணமும் கொஞ்சம் கெடக்கணுமாம். அதையும் வச்சு ஆடி முடிச்சா முழுசும் கைக்கு வந்துரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிக்கணும். இல்லாட்டி அழிஞ்சிரும்."

"அது யார் காசு?"

"எது?"

"வண்டிய வித்து நீ போடப்போற காசு."

பாலா டீயைப் பார்த்தான். "அது போடுறதில்லக்கா. எடுக்கிறதுக்கு."

வெளியிலிருந்து புஷ்பலதாவின் குரல் வந்தது. "அண்ணி, இதத்தான் நேத்துலேருந்து நானும் கேக்கிறேன். ஆம்பளைக்கி அறிவு வளரட்டும்னு தீமிதிக்க விட்டேன். இருந்ததும் போச்சு!"

"ஏய், சும்மா இரு!" அவன் அக்காவிடம் குனிந்தான். "இது ஏமாத்துற எடம் இல்ல. பாரு, ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன் ஆராஞ்சு மார்க்கு போட்ருக்கான். வெள்ளைக்காரன் சும்மா எழுத மாட்டான்."

அவன் விரல் வைத்த இடத்தில் டேரன் இருந்தான். நீலக் கண், இரண்டு நாள் தாடி. பக்கத்தில் நாலரை நட்சத்திரம். அவள் ஆங்கிலத்தில் எழுதிய வரியை யாரோ பர்மியத்தில் மாற்றியிருந்தார்கள். ஃபோனில் ஆடுவோர் தைரியமாக நம்பலாம்.

விஜயகுமாரி டீயைத் தள்ளி வைத்தாள். பிறகு ஃபோனைக் கையில் எடுத்தாள். கேசினோவின் போனஸ் பக்கத்தைத் திறந்தாள். ஒரு தள்ளல், இரண்டு, மூன்று. நிறுத்தினாள். சாம்பல் நிற ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கினாள்.

"கேளு. இனாம் போனஸ்ல ஜெயிச்சத நாப்பது தடவை திரும்பப் பந்தயம் கட்டணும். நாப்பத்திரண்டு லட்சம், நாப்பது தடவை. பதினாறு கோடியே எம்பது லட்சத்துக்கு நீ ஆடி முடிக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"ஆடுறேன்."

"அதுக்குள்ள வண்டிக் காசு கரைஞ்சிரும். கரையலன்னே வச்சிக்கோ. அடுத்த வரியக் கேளு. எவ்வளவு ஜெயிச்சிருந்தாலும், இனாம் போனஸ்லேருந்து வெளிய எடுக்கக்கூடியது அதிகபட்சம் ஒரு லட்சம். மிச்சத்த அவன் அழிச்சிருவான்."

"ஒரு லட்சமா?"

"ஒரே ஒரு லட்சம். அந்த நாப்பத்திரண்டு எப்பவுமே ஒன்னோடது இல்லடா. உன் வண்டிய வெளிய இழுக்கிறதுக்குக் காட்டுன படம் அது."

ஷாநவாஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பணப்பையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார்.

பாலா ஃபோனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"ஒரு மாசமா இதுல கெடக்கிறேன். இப்பிடி ஒரு எடம் இருக்கிறதே எனக்குத் தெரியாது. நீ தேடக்கூட இல்ல. நேரா போன. எப்பிடிக்கா?"

பொய் சொல்லலாம். காப்புக் கட்டியிருந்தது அவன்தான், அவளல்ல.

"டேரன் நான்தான்," என்றாள்.

"என்ன?"

"அந்த வெள்ளைக்காரன் நான்தான். அந்த நாலரை நான் போட்டது. நிபந்தனைய அடில வைக்கிறதுதான் எங்க ஆபீஸ் வழக்கம். கேசினோக்காரனும் அதே மாதிரிதான் வைப்பான். அதான் நேரா போனேன்."

டீக்கடைப் பையன்கள் பர்மியத்தில் ஆர்டரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பாலாவின் முகம் சிவந்தது. அவன் சிரித்தான். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

"இங்கிலீஷ் டைப்பிங்."

"ஆமா."

"ஆஸ்திரேலியாவுல எவனோ ஒருத்தன் வண்டிய வித்திருப்பான்ல?"

"வித்திருப்பான்."

"அவனுக்கு அக்கா இல்ல. கையெழுத்து போட மாட்டேன்னு சொல்ல ஆளில்ல." அவன் எழுந்தான். "எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட! மேல போயி அந்த நாலரைய அழி, பாப்போம். முடியாதுல்ல? சம்பளம் போயிரும்ல? நீ அத அழி. நான் இத அழிக்கிறேன்."

அவன் கோபத்தில் சொன்னதுதான். பதில் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் விஜயகுமாரி டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தாள்.

"வா," என்றாள்.

"எங்க?"

"மேல. நீ பாக்கணும்."

மாடிப்படி இருட்டாக இருந்தது. அவள் முன்னால் ஏறினாள். பின்னால் அவன் வெறுங்கால் சத்தம் வந்துகொண்டிருந்தது. சுவரில் பாக்குத் துப்பிய கறை. ஏதோ ஒரு வீட்டில் மீன் வறுத்தார்கள். பாலா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினான். அந்தக் கட்டுப்பாட்டில் மட்டும் அவன் கறாராக இருந்தான்.

ஆபீசில் இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்திருந்தது. பேட்டரி தீரப் போகிறது. மற்றப் பெண்கள் வேலையைச் சேமித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்கள்.

விஜயகுமாரி உட்கார்ந்தாள். தங்கச் சிங்கம் பற்றிய டேரனின் பக்கத்தைத் திறந்தாள். அடியில் கிடந்த சாம்பல் வரிகளை வெட்டித் தலையில் ஒட்டினாள். எழுத்தைக் கறுப்பாக்கினாள், பெரிதாக்கினாள். நம்பலாம் என்ற வரியை எடுத்தாள். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். இந்தப் பக்கத்தை எழுதுகிறவருக்கு நீங்கள் தோற்றால்தான் கூலி. இந்தக் கடை உங்கள் நாட்டில் சட்டவிரோதமானது. இனாம் போனஸைத் தொடுமுன் இதைப் படியுங்கள்.

நட்சத்திரம் எதுவும் போடாமல் விட அந்த மென்பொருள் அனுமதிக்கவில்லை. ஒன்று போட்டாள்.

"டேரன் படம்?" என்றான் பாலா.

அவள் அதையும் எடுத்தாள்.

இன்வெர்ட்டரின் கீச்சொலி இப்போது விடாமல் கேட்டது. வெளியிடு என்ற பட்டனை அழுத்தினாள். சின்ன வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பச்சையானது. அதன் பிறகுதான் திரை கறுத்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சு. இப்ப நீ."

பாலா ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான். போனஸை ரத்து செய் என்று சிவப்பில் ஒரு பட்டன். சிங்கம் வாயைத் திறந்து மூடியது. அவன் கட்டைவிரல் பட்டன்மேல் நின்றது. ஒரு மாதம் முழுக்க அவன் அந்தப் பணத்தில் கூரை மாற்றியிருந்தான், புஷ்பலதாவுக்கு வளையல் வாங்கியிருந்தான், சந்தைக்காரர்களிடம் நிமிர்ந்து பேசியிருந்தான். எல்லாம் மனதுக்குள். அதையெல்லாம் அழிக்க வேண்டியிருந்தது.

அழுத்தினான்.

"சைபர்," என்றான். மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தான். "பூசாரிக்கிட்ட ஆடினேன்னு சொல்லிருவேன். எறங்க விட்டா எறங்குறேன். இல்லாட்டி அடுத்த வருசம்."

ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக் கத்தினான். "புஷ்பா! எறங்கு! வண்டி எங்கயும் போகல!"

"மொதல்ல அந்த அண்ணன் போகட்டும். அப்பறம் எறங்குறேன்!" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அப்போது விநாயகமூர்த்தி உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, மஞ்சள் கைலி, வெறுங்கால். ஞாயிற்றுக்கிழமைக் குழிக்கு விறகு முழுக்க அவர் உபயம். அவர் கையிலும் காப்பு இருந்தது. ஒரு கையில் ஃபோன், அதில் புதிய பக்கம்.

"விஜயா. இது யார் வேலை?"

"என் வேலைதான், சயா." பர்மியத்தில் முதலாளிக்கு அதுதான் மரியாதைச் சொல்.

"டேரன் எங்க?"

"டேரன்னு யாரும் இல்ல, சயா."

அவர் குரலை உயர்த்தவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினார். "கரண்டு வந்ததும் பழசப் போட எனக்கு அஞ்சு நிமிசம் ஆகாது. நீ வெளிய போனா நாளைக்கே பத்துப் பொண்ணுங்க வரிசையில நிப்பாங்க. புரிஞ்சுதா? பழைய பக்கத்துல ஒரு பொய்யும் இல்ல. எல்லாம் எழுதித்தானே இருந்துச்சு!"

"இருந்துச்சு. படிக்காத எடத்துல."

"படிக்காதது அவன் தப்பு."

"இல்ல சயா. படிக்க மாட்டான்னு தெரிஞ்சு அங்க வச்சது நம்ம தப்பு." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இனாம்னு ஒருத்தன் காசு நீட்டினா, அவன் விக்கிற சரக்கு நாமதான். இத என் தம்பி இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டான். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் நட்சத்திரம் போட்டேன். இனிமே போட மாட்டேன். நீங்க பழசப் போட்டீங்கன்னா, இத நான் வேற எடத்துல என் பேருலயே எழுதுவேன்."

மற்ற நான்கு பெண்களும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். விநாயகமூர்த்தி அவர்களைப் பார்த்தார். பிறகு பாலாவின் மணிக்கட்டைப் பார்த்தார்.

விஜயகுமாரி வாசலில் நின்று திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழமை குழி வாசல்ல பூசாரி கேப்பாரே, சூதாடினியா, பொய் சொன்னியான்னு. என்ன சொல்லிட்டு எறங்கப் போறீங்க, சயா?"